பழகிய புற்று

இத்தனை வருஷம் எதை நம்பிக் காளான் தின்றோம் என்ற கேள்வி கொஞ்ச காலமாக என்னை விட்டபாடில்லை. இதற்கென்று சம்பவம் எதுவும் நடக்கவில்லை; வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சித்திரையில் நாலு நாள் புழுங்கித் தள்ளி, ஒரு பிற்பகல் மேற்கே மலை தெரியாத அளவுக்குக் கறுத்து, இடியும் மின்னலுமாக ஒரு பாட்டம் கொட்டி ஓய்ந்ததும் மண்ணிலிருந்து ஒரு வாசம் கிளம்புமே, அதை முகர்ந்ததும் வாயில் எச்சில் ஊறுகிறது. ஊறின எச்சிலை விழுங்குவதற்குள் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. பொட்டலத்தில் பால் காளானோ சிப்பிக் காளானோ வாங்கும்போது இந்தத் தொந்தரவு கிடையாது. அருப்புக்கோட்டையில் உருவாகி 1998இல் வெளிவந்த ஏபிகே 2 பால் காளானுக்குப் பெயர் உண்டு, எண் உண்டு, வித்து விற்றவர் உண்டு, கொட்டகை போட்டு வளர்த்தவர் உண்டு. ஏதாவது ஆனால் போய்ச் சட்டையைப் பிடிக்க ஓர் ஆள் இருக்கிறார். புற்றுக் காளானை விதைத்தது கரையான். எழுப்பிவிட்டது மழை. பறித்தது யாரோ ஒரு கிழவி. சாலையோரத்தில் தேக்கு இலையில் பரப்பி விற்றுக்கொண்டிருப்பவரிடம் கோழிக்கறியைவிட அதிக விலை கொடுத்து வாங்குகிறோம், இது நல்லதுதானா என்று ஒருமுறை கேட்கிறோம், அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் வீட்டுக்கு எடுத்துப்போகிறோம்.

பழைய கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். நமக்கு வாய்த்த வசந்தம் கத்திரி வெயிலும் கோடை மழையும்தான். பருவமழை கடல் தாண்டி வருவது; கேரளத்துக்கு ஜூன் 1 என்று தேதி போட்டு, முந்துகிறதா பிந்துகிறதா என்று வானிலைக்காரர்கள் கணக்குப் பார்க்கலாம். கோடை மழை அன்றைய வெயில் அன்றைக்கே மூட்டுகிற மழை. காலையில் தரை கொதித்து, ஈரக்காற்று மேலே ஏறி, சாயங்காலத்துக்குள் இடியாக இறங்குகிறது. அம்பாசமுத்திரத்தில் ஓடை புரண்டு ஓடினால் கடையத்தில் புழுதி பறக்கும். ஒரே ஊரில் கீழத்தெரு நனைந்து மேலத்தெரு காய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். இதில் காளானுக்கு வேண்டியது வெறும் தண்ணீர் மட்டும் இல்லை. மண் ஆழமாக நனைய வேண்டும், பிறகு இரண்டு நாள் வெக்கை வேண்டும், மறுபடி ஒரு தூறல், ராத்திரியில் கொஞ்சம் குளிர்ச்சி. இந்த வரிசை ஓரிடத்தில் கூடி வந்தால் விடியற்காலை புற்றைச் சுற்றி மண் பிளந்திருக்கும். வரிசை பிசகினால் ஒன்றும் இருக்காது. கூடி வருவதும் பிசகுவதும் எப்போதும் இருந்ததுதான். ஆனால் முன்பெல்லாம் பெரியவர்கள் இந்த மழைக்கு வராது, அடுத்ததற்கு வரும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் அப்படியே நடக்கும். இப்போது பங்குனியிலேயே ஐப்பசி மாதிரி கொட்டுகிறது, வைகாசி முழுக்கச் சொட்டுக்கூட இல்லை. கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அந்த உதட்டுப் பிதுக்கலைத்தான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். எப்போது வரும் என்று தெரியாதவர்களுக்கு, வந்தது என்ன என்று மட்டும் எப்படித் தெரியும்?

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டும் இல்லை. காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் வசந்தத்தில் குச்சி என்கிற காட்டுக் காளானைத் தேடிப் போகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் புளூட்டார்க் விருந்துப் பேச்சுகளைத் தொகுத்தபோது, மண்ணுக்கடியில் விளைகிற டிரஃபிள் ஏன் இடியால் உண்டாவதாகச் சொல்லப்படுகிறது என்பதை ஒரு விவாதமாகவே வைத்திருக்கிறார். ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்துக்காரர்கள், ஷீட்டாகே வளரும் மரக்கட்டைகளில் மின்னலைப் போன்ற உயர் அழுத்த மின்துடிப்பைச் செலுத்திப் பார்த்து, விளைச்சல் கூடுவதைக் கண்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு ஒரு குழந்தைத்தனமான சந்தோஷம். ஊர்க்கிழவிகள் ஜெயித்துவிட்டதாகத் தோன்றியது. பிறகு யோசித்தால், ஜெயித்தது நம்பிக்கையின் பாதிதான். இடி காளானை எழுப்பலாம். எந்தக் காளானை என்று பார்த்து எழுப்புவதில்லை. நல்லதும் கெட்டதும் ஒரே மழைக்குத்தான் தலைகாட்டுகின்றன.

புற்றுக்குள் நடப்பதை ஒருமுறை தெரிந்துகொண்டவர் புற்றைப் பார்க்கும் விதமே மாறிவிடும். நாம் பாம்பு இருக்கிறது, அம்மன் இருக்கிறாள் என்று மஞ்சள் தடவிப் பால் ஊற்றுகிற இடத்துக்கு அடியில் கரையான் வெள்ளாமை பண்ணிக்கொண்டிருக்கிறது. காய்ந்த புல், சருகு, மரத்தூள் எல்லாவற்றையும் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவைக்கொண்டே உள்ளே கடற்பஞ்சைப் போன்ற பழுப்பு அடைகளைக் கட்டுகிறது. அந்த அடையில் ஒரு பூஞ்சை வளர்கிறது. கரையானால் செரிக்க முடியாத கடினமான நாரைப் பூஞ்சை உடைத்துக்கொடுக்கிறது. அடையில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி நிற்கும் குருணைகளையும் பழைய அடையையும் கரையான் தின்கிறது. இந்தக் கூட்டு 3 கோடி ஆண்டுப் பழக்கம் என்கிறார்கள். இந்தப் பூஞ்சைக் குலத்துக்கு 1942இல் டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர் வைத்தவர் பிரான்சின் ரோஜர் ஹைம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த கே. நடராஜன், 1979இல் தென்னிந்தியப் புற்றுக் காளான் ஒன்றைப் புது இனமாக விவரித்தபோது அதற்கு ஹைமின் பெயரையே சூட்டினார். மனிதர்கள் எவ்வளவோ முயன்றும் கொட்டகை போட்டு வியாபாரத்துக்கு வளர்க்க முடியாத காளான் இது. கரையான் இல்லாமல் அது குடை விரிப்பதாக இல்லை.

ஈசலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல மழைக்கு அடுத்த அந்தியில் விளக்கைச் சுற்றி மொய்த்து இறகுதிரும் ஈசல், இதே புற்றிலிருந்து புதுக் குடித்தனம் போட வெளியேறிய ராஜா ராணிகள். பொரியோடு வறுத்துத் தின்றவர்களுக்கு அதன் எண்ணெய்ப் பசை ஞாபகம் இருக்கும். தப்பிய ஜோடிகள் மண்ணுக்குள் போய் முட்டையிட்டு, முதல் வேலைக்காரக் கரையான்கள் இரை தேடி வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலான இனங்களில், ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான் பழைய புற்றுகளின் தலையில் காளான் விரிகிறது. அதன் வித்துத்தூள் சருகில் விழுந்து, புதுக் குடும்பத்தின் அடைக்குப் போய்ச்சேர்கிறது. ஈசலுக்கும் காளானுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியைத்தான் பெரியவர்கள் நாள் எண்ணி வைத்திருந்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன். பஞ்சாங்கம் பார்த்து எண்ணவில்லை, விளக்கடியில் கிடந்த இறகைப் பார்த்து எண்ணினார்கள். கோடை மழை இஷ்டத்துக்கு வந்து போகிற வருஷங்களில் ஈசல் ஒரு பக்கம், காளான் ஒரு பக்கம் என்று பிரிந்துபோகுமா? போனால் கரையானுக்கே திண்டாட்டம், நம்மைப் பற்றி என்ன சொல்ல.

எங்கள் ஆச்சி காளான் பறிக்கிற அழகே தனி. பிடுங்க மாட்டாள். தண்டைச் சுற்றி விரலால் மண்ணைத் தோண்டி, இன்னும் தோண்டி, ஒரு முழத்துக்குக் கீழே போகிற வேரை முறியாமல் உருவி எடுப்பாள். குடையின் நடுவில் கூராக ஒரு மொட்டு இருக்கும். காய்ந்து இறுகிய மண்ணைக் குத்திப் பிளந்து வெளியே வருவதற்கான முனை அது. தடவிப் பார்த்தால் நகம் மாதிரி கெட்டியாக இருக்கும். குடையின் கீழே இதழ் இதழாக வெள்ளைத் தகடு, நாளானால் லேசாக இளஞ்சிவப்பு ஓடும். வேரின் கறுத்த தோலைக் கத்தி முனையால் சுரண்டி, தண்டை நெடுக்காகக் கிழித்தால் வேகவைத்த கோழியின் நெஞ்சுக்கறி போல நார் நாராக வரும். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கடைசியில் அரைத்த தேங்காய். மழை நாளில் அந்தக் குழம்பு கொதித்தால் தெருமுனை வரை கறிக்குழம்பு வாசம் அடிக்கும். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக யார் வீட்டில் என்று எட்டிப் பார்ப்பார்கள். வேரைப் பார்ப்பதுதான் ஆச்சியின் சோதனை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருதரம் கேட்டும் விட்டேன், இது நல்லதுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க ஆச்சி என்று. நிமிராமலே சொன்னாள்: “எங்கம்மை இங்கனதாம்ல பறிச்சா.” ஓடைக்கு அந்தப் பக்கம் அதே வெள்ளையில் அதே உயரத்தில் நின்றதைக் காட்டினேன். “அங்கிட்டு உள்ளது அங்க உள்ளவுகளுக்குத்தாம்ல தெரியும்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். அன்றைக்கு இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு, காளானைப் பற்றி நான் கேட்டவற்றில் இதைவிடக் கறாரான பேச்சு கிடையாது என்று படுகிறது. தனக்குக் காளான் தெரியும் என்று அவள் சொல்லவே இல்லை. இந்தப் புற்று தெரியும், அவ்வளவுதான்.

காளான் தெரியும் என்கிறவர்களிடம் எல்லாம் ஒரு பொது விதி இருக்கிறது. வெள்ளிக் காசு போட்டுக் கொதிக்கவிட்டால் கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி அரித்திருந்தால் நல்லது, மஞ்சள் போட்டால் விஷம் முறியும். இவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. அமானிட்டா குலத்துக் கொலைகாரக் காளான்களைப் புழுவும் நத்தையும் சுகமாகத் தின்கின்றன. அவற்றின் விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. ருசியும் காட்டிக்கொடுக்காது, தின்று பிழைத்தவர்கள் நல்ல ருசி என்றே சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் மழைக்கு மறுநாள் புல்தரையிலும் எருக்குழி ஓரத்திலும் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் குடை விரிக்கும் ஒன்று உண்டு. முற்றினால் அதன் தகடுகள் பச்சையாக மாறும், வித்துத்தூளே பச்சை. இளசாக இருக்கும்போது எல்லாம் வெள்ளைதான். ஆள் சாவது அபூர்வம், ஆனால் தின்ற சில மணி நேரத்தில் குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தியும் பேதியும். அதற்குத் தண்டில் வளையம் உண்டு, மண்ணுக்குள் நீண்ட வேர் கிடையாது. அப்படியானால் வேர் இருந்தால் புற்றுக் காளான் என்று விதி போட்டுவிடலாமா? கரையான் பழைய அடையைத் துகளாக வெளியே கொண்டுவந்து கொட்டுகிற இடத்தில் அரிசி இறைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் பூக்கும் பொடிக் காளானும் புற்றுக் காளான் இனம்தான். அதற்கு வேர் இல்லை. விதி அந்த இடத்திலேயே உடைந்துபோகிறது. நல்ல காளான் என்று பேர் வாங்கியவையும் பேரைக் காப்பாற்றுவதில்லை. 2023 வசந்தத்தில் அமெரிக்காவின் மொன்டானாவில் ஓர் உணவகத்தில், உலகமே கொண்டாடுகிற மோரல் காளானை, அதாவது நம் இமயமலைக் குச்சியின் சொந்தக்காரனை, பச்சையாகவோ அரைவேக்காடாகவோ பரிமாறியதில் 51 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள். அதுவும் காட்டில் பறித்ததில்லை, வளர்த்தது.

அசாமை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. அங்கே ஏப்ரல் என்பது இடிமழைக் காலம். பருவமழைக்கு முன்னால் புயற்காற்றோடு அடித்துவிட்டுப் போகிற மழை. 2008 வசந்தத்தில் காட்டுக் காளான் தின்று இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் மேல் அசாமின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திப்ரூகர் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் 13 பேர் இறந்தார்கள். அதில் 6 வயதுக் குழந்தையும் உண்டு. அறியாத மக்கள் என்று சொல்லி இதைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. அந்தத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரின் முன்னோர், 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களுக்காகச் சோட்டாநாக்பூர் பக்கத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஆள் பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள். மழை தொடங்கினால் சால் மரக்காடுகளுக்குப் போய்க் காளான் பொறுக்குவது அந்த மண்ணில் குழந்தைக்கும் தெரிந்த வேலை. அவர்களுக்குக் காளான் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? நன்றாகத் தெரியும். அது வேறு காட்டின் காளான். ஆளை ரயிலிலும் படகிலும் ஏற்றிவிடலாம். அம்மா பறித்த இடத்தை ஏற்ற முடியாது. எத்தனையோ தலைமுறை கழிந்த பிறகும் அந்தப் பழைய காட்டின் கண் இந்தப் புது மண்ணைப் பார்த்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இது அசாமோடு நிற்கிற கதையும் இல்லை. வைக்கோல் காளான் நமக்கும் தெரிந்ததுதான். தென்கிழக்காசியாவிலும் சீனத்திலும் அது அன்றாடச் சமையல். அந்த நாடுகளிலிருந்து கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்கள், முட்டைபோன்ற உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் ஒரு காளானை அங்கே மரத்தடியில் பார்த்து, நம் ஊர்க் காளான் என்று சந்தோஷப்பட்டுப் பறித்திருக்கிறார்கள். அது அமானிட்டா ஃபல்லாய்டிஸ், உலகில் அதிகம் பேரைக் கொன்ற காளான். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அந்தக் காளானும் குடியேறி வந்ததுதான். ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோன மரங்களின் வேரில் ஒட்டிக்கொண்டு வந்தது. கான்பெராவில் அது வழக்கமாகத் தலைகாட்டுவது இலையுதிர் காலத்தில். 2011ஆம் ஆண்டின் கடைசி இரவு, அங்கே கோடையின் நடுவில், ஒரு சமையல்காரர் பறித்துவந்து சமைத்ததைத் தின்று அவரும் இன்னொருவரும் உயிர்விட்டார்கள். பருவம் தப்பி வந்த காளான், ஊர் விட்டு வந்த மனிதர். இரண்டும் சந்திக்கிற இடத்தில் பழைய அறிவு உதவாது என்று மட்டும் சொன்னால் போதாது. பழைய அறிவுதான் கையைப் பிடித்து அழைத்துப்போகிறது. ஒன்றும் தெரியாதவன் பறித்திருக்கவே மாட்டான்.

புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்லும் பாட்டில், சமைத்து நெடுநாளான அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. அந்தக் காளானைத் தின்றார்களா என்று பாட்டு சொல்லவில்லை. பசிக்கு அடையாளமாக அது அங்கே நிற்கிறது. காளான் தேடுவதை நகரத்தில் இப்போது சுற்றுலாவாக ஆக்கியிருக்கிறார்கள். காலில் பூட்ஸ், கையில் கூடை, கழுத்தில் கேமரா. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தோட்ட லயத்தில் கூலிக்கும் அரிசிக்கும் நடுவில் காளான் தேடுகிறவளிடம், சந்தேகமாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடு என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். தூக்கிப் போட்டால் அன்றைக்குக் குழம்பு இல்லை. சந்தேகப்படுவதற்கே கொஞ்சம் வசதி தேவைப்படுகிறது. என் அண்ணன் மகன் கைபேசியை நீட்டி ஒரு காளானைப் படம் எடுத்தான். செயலி ஒரு பெயரைச் சொன்னது, தின்னலாம் என்றது. போனைச் சாய்த்து மறுபடி எடுத்தான். வேறு பெயர் சொன்னது. “சித்தப்பா, எதை நம்புறது?” என்று சிரித்தான். ஆச்சி இருந்தால் இரண்டையும் நம்பாதே என்றிருப்பாள். ஆனால் ஆச்சி பறித்த புற்று இருந்த இடம் இப்போது மனையடிக் கல் நட்ட பிளாட். வீடு கட்டும் முன் கரையான் மருந்து ஊற்றித்தான் அஸ்திவாரம் போடுகிறார்கள். நானும் வீடு கட்டினால் ஊற்றத்தான் செய்வேன். புற்றோடு சேர்த்து, இன்ன இடத்தில் இன்னது நல்லது என்ற ஒற்றை வரித் தகவலும் போய்விட்டது. அதை வேறிடத்துக்குப் பெயர்த்து நட முடியாது. எஞ்சியிருப்பது நாக்கின் ஞாபகம்; அதற்குக் காளானின் ருசி தெரியும், காளானைத் தெரியாது. இப்போது நான் காட்டுக் காளான் பறிப்பதில்லை. பறிக்கிறவர்கள் வீட்டில் கொடுத்தால், எந்தப் புற்று, எத்தனை வருஷப் பழக்கம் என்று கேட்கிறேன். முகம் சுளிக்கிறார்கள். சுளித்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். கொல்லுகிற காளான் அவசரப்படாது. தின்றவுடன் ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ, சில சமயம் அதற்கும் மேல் கழித்து வாந்தியும் பேதியும் தொடங்கும். ஒரு நாள் படுத்தியெடுத்துவிட்டுத் தானாக அடங்கும். வயிறு சரியாகிவிட்டது, மோர் குடித்தாயிற்று, ஆபத்து நீங்கியது என்று வீடே நிம்மதியாகும். அந்த நிம்மதி நாளில்தான் கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும். மஞ்சள் பூத்துத் தெரியும்போது பல நேரம் கைமீறிப்போயிருக்கும். ஆகவே காட்டுக் காளான் தின்று நேரங்கழித்து வாந்தி எடுத்தால், அது நின்றுவிட்டாலும் காத்திருக்காதீர்கள். கூடத் தின்றவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு, மிச்சமிருக்கும் காளானை, குப்பையில் போட்ட தோலாக இருந்தாலும் சரி, ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, கல்லீரலுக்கு வைத்தியம் பார்க்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். எத்தனை மணிக்குத் தின்றீர்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.